சூலூர் வானத்துக்குக் கீழ ஒரு அலமாரி: 1/72-ல ஆறு விமானம்

வணக்கமுங்க. பிளாஸ்டிக் கிட் ஒட்டப் புதுசா வர்றவங்க அல்லாரும் கேக்கறது ஒண்ணுதானுங்க: அலமாரியில கட்டாயம் இருக்க வேண்டிய விமானம் எது எது? நான் ஆறு சொல்றேன். ஆறுமே 1/72, அதாவது நிஜ விமானத்துல 72-ல ஒரு பங்கு அளவு.

பெட்டி மேல இருக்கற படத்துக்கு முன்னாடி இந்த எண்ணைப் பாருங்க. 1/48 ஒண்ணு, 1/144 ஒண்ணுன்னு கைக்கு வந்ததை அடுக்கினா, பெரிய சரக்கு விமானம் டகோட்டாவும் குட்டிச் சண்டை விமானம் நேட்டும் கிட்டத்தட்ட ஒரே சைஸ்ல நிக்கும். ஒரே அளவுல கட்டினீங்கன்னா டகோட்டா இறக்கை நுனிக்கு நுனி 40 சென்டிமீட்டர், நேட் 9 சென்டிமீட்டர் சொச்சம். பக்கத்துல பக்கத்துல வெச்சாத்தான், இத்தனூண்டு விமானத்துல உக்காந்து சண்டை போட்டாங்களான்னு பாக்கறவங்களுக்கு உறைக்கும்.

முதல் கிட் ஸ்பிட்ஃபயர். ஏர்ஃபிக்ஸ் கம்பெனியோட மார்க் ஒண்ணு போதும், பாகம் கம்மி, விலையும் கம்மி. இதுல கத்துக்க வேண்டியது இறக்கை மேல்நோக்கி ஏறுற சாய்வு. இறக்கை உடம்போட சேர்ற இடத்துல இடுக்கு விழும். உடனே இடுக்கை அடைக்கற பட்டியைக் கையில எடுக்காதீங்க. ஒரு இறக்கை நுனியில இருந்து இன்னொரு நுனிக்கு மாஸ்கிங் டேப்பை மேல இழுத்து ஒட்டுனா இறக்கை தூக்கிக் குடுக்கும், இடுக்கு தானா மூடிக்கும். அப்படியே மெல்லிசான சிமென்ட்டை (பிளாஸ்டிக் ஒட்டற தண்ணிப் பசைதானுங்க) பிரஷ்ல தொட்டு வெச்சா அதுவே ஓடிப் போயி ஒட்டிக்கும். ராத்திரி முழுக்க டேப்பைப் பிரிக்காதீங்க.

ரெண்டாவது ஹரிக்கேன், மார்க் ரெண்டு. பர்மாவுல நம்ம ஆளுங்க ஓட்டுனது. ஆர்மா ஹாபி கிட் ரொம்ப நல்லா இருக்குதுங்க. பின் உடம்பு நிஜத்துல துணி போர்த்துனது, அதனால கிட்லயும் கோடு கோடா மேடு இருக்கும். அதைச் சொரசொரப்புன்னு நெனச்சு தேச்சுடாதீங்க. வட்டச் சின்னத்துலயும் கவனம் வேணும். ஜப்பான்காரங்க சின்னமும் சிவப்பு வட்டம்ங்கறதால, அந்தப் பக்கம் பறந்த விமானத்துல நடுச் சிவப்பையே எடுத்துட்டாங்க. ஐரோப்பா டீகால் (தண்ணியில ஊற வெச்சு ஒட்டற சின்னப் படம்) ஒட்டுனா தப்பாப் போயிரும்.

டகோட்டா மூணாவது. 1947 அக்டோபர் 27-ல ஸ்ரீநகர்ல படையைக் கொண்டு போயி இறக்குன விமானம். ஜன்னல் கண்ணாடியை உள்பக்கமாத்தான் ஒட்டணும், அதுவும் உடம்பு ரெண்டு பாதியையும் மூடறதுக்கு முன்னாடி. மறந்துட்டா திரும்பப் பொளக்கறதைத் தவிர வழியில்லை.

இப்ப நேட். கோயமுத்தூர்ப் பக்கத்து அலமாரியில இது இல்லாம இருக்கவே கூடாதுங்க. 1971 டிசம்பர் 14-ல ஸ்ரீநகர் மேல நிர்மல் ஜித் சிங் செகோன் நேட்ல தனியாப் போராடி உயிரைக் குடுத்தாரு. விமானப்படையில பரம்வீர் சக்ரா வாங்குனவரு அவரு ஒருத்தர்தான். அவரோட 18-வது ஸ்குவாட்ரன் 2020-ல நம்ம சூலூர் விமானப்படைத் தளத்துலதான் தேஜஸ் ஓட்ட ஆரம்பிச்சுது.

பெட்டி மேல செக்கச்செவேல்னு பிரிட்டிஷ் சாகசக் குழு நேட் இருந்தா வாங்கிடாதீங்க. அது ரெண்டு பேர் உக்கார்ற பயிற்சி விமானம். நம்மளுது ஒத்த ஆள் விமானம். மூக்கு, கண்ணாடி, இறக்கை எல்லாமே வேற, பட்டி வெச்சு மாத்தற வேலை இல்லை.

ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன், டகோட்டா மூணும் வால் சக்கரத்துல நிக்கும். நேட்டுக்கும், அஞ்சாவதா வர்ற மிக்-21-க்கும், ஆறாவது தேஜஸுக்கும் மூக்குச் சக்கரம். முன்னாடி எடை பத்தலைன்னா வால் தரையில உக்காந்துக்கும், அப்புறம் ஒட்டுனதைப் பிரிக்க முடியாது. உடம்பை மூடறதுக்கு முன்னாடி எல்லாப் பாகத்தையும் டேப்ல சும்மா சேருங்க. பின் சக்கரம் வர்ற இடத்துக்கு நேரா கீழ ஒரு பென்சிலை வெச்சு நிறுத்துங்க. மூக்கு மேல தூண்டில் கடை ஈயக் குண்டை ஒவ்வொண்ணா டேப்ல ஒட்டிட்டே வாங்க. மூக்கு எறங்குனதும் நிறுத்தாம, அதுல கால்வாசி இன்னும் சேருங்க. ஏன்னா ஈயம் உள்ள போறப்ப மூக்கு நுனியில நிக்காது, கொஞ்சம் பின்னாடி தள்ளித்தான் எடம் கெடைக்கும். நேட்ல பைலட் சீட்டுக்குக் கீழ இருக்கற இடுக்கைக்கூட விட்டுடாதீங்க. மிக்-21-ல காத்து வாங்கற வாய்க்கு நடுவுல இருக்கற கூம்புக்குள்ளயே ரொப்பலாம்.

ஈயத்தை அரால்டைட் போட்டு ஒட்டுங்க. வெள்ளை ஃபெவிகால் வேண்டவே வேண்டாம். அதுல இருந்து வர்ற அமிலத்துல ஈயம் வெள்ளையாப் பூத்து ஊதும், நாள் போகப் போக உடம்பு தையல்லயே வெடிச்சுரும்.

மிக்-21 வாங்கறப்ப எந்த மாடல்னு பாருங்க. எஃப்.எல். முதுகு ஒல்லி, எம்.எஃப். தடிப்பு, பிஸ் அதைவிடத் தடிப்பு. டீகாலை மட்டும் மாத்தி ஒண்ணை இன்னொண்ணாக் காட்ட முடியாது. வெள்ளி நிறத்துல அடிக்கறதா இருந்தா கார் பெயின்ட் கடையில வாட்டர் பேப்பர் 1000, 2000 ரெண்டும் வாங்கிக்குங்க. பளபள கறுப்பை முதல்ல அடிச்சு, காஞ்சதும் மேல வெள்ளி. கறுப்புல ஒரு கீறல் இருந்தாலும் வெள்ளியில ரெண்டாத் தெரியும். அதே கடையில என்.சி. தின்னர் மலிவாக் கெடைக்கும், அதை வெறும் பிளாஸ்டிக் மேல தடவிடாதீங்க, மேல்தோலே கரைஞ்சு கோந்தாட்டம் ஆயிரும்.

நம்ம ஊர்ல பெயின்ட்டுக்கு முதல் எதிரி காத்து. ஆடி மாசம் பாலக்காட்டுக் கணவாய்க் காத்து மண்ணை வாரிட்டு வரும். திருப்பூர்ல பஞ்சுத் தூசி. ஸ்ப்ரே அடிக்கறதுக்குக் கால் மணி நேரம் முன்னாடி தரையில தண்ணி தெளிச்சு, ஃபேனை நிறுத்திருங்க. ஏர்பிரஷ்ல 0.3 மில்லிமீட்டர் நாசில், காத்தழுத்தம் 15-ல இருந்து 20 பி.எஸ்.ஐ. அடிச்ச கையோட பிளாஸ்டிக் டப்பாவைக் கவுத்து மூடுங்க. பஞ்சு ஒட்டிருச்சுன்னா ஈரத்துல புடுங்காதீங்க, முழுசாக் காயட்டும், 2000 பேப்பர்ல தேச்சு மேல ஒரு கை அடிச்சாச் சரியாயிரும்.

ஆறாவது தேஜஸ். தலைக்கு மேல பறக்கறதையே பாத்துக் கட்டலாம், அந்த வாய்ப்பு எத்தனை ஊருக்குக் கெடைக்கும்? மொத்தமும் சாம்பல் நிறம்ங்கறதால கோடுகளைக் காட்ட வாஷ், அதாவது தண்ணியாட்டம் கரைச்ச பெயின்ட், விட்டாகணும். கறுப்பு வாஷ் விட்டா டைல்ஸ் இடுக்காட்டம் இருக்கும். உடம்பு நிறத்தைவிட ரெண்டு படி கருத்த சாம்பல் போதும்.

கடைசியா டீகால். மேட் பெயின்ட் மேல நேரா ஒட்டுனா அடியில காத்து நின்னு வெள்ளி பூத்த மாதிரித் தெரியும், அதனால முதல்ல பளபள கிளாஸ் வார்னிஷ் அடிச்சுருங்க. ஊற வெக்கறதுக்கு உப்புத் தண்ணி ஆகாது, போர்வெல் தண்ணி காஞ்சா வெள்ளைத் தடம் விழும். சிறுவாணித் தண்ணி ஒரு கிண்ணத்துல எடுத்துக்குங்க. அடியில டீகால் பிடிக்கறதுக்கு மைக்ரோ செட், ஒட்டுனதுக்கு அப்புறம் மேல டீகாலை இளக்கற மைக்ரோ சால். சால் பட்டதும் டீகால் சுருங்கும், பயந்துக்கிட்டு விரலை வெச்சுராதீங்க. கிழிஞ்சுரும். தொடாம விட்டா அதுவா கோட்டுக்குள்ள படிஞ்சுக்கும். மறுநாள் ஈரத் துணியில தொடச்சுட்டு மேட் வார்னிஷ் அடிங்க.