பேசாத பிள்ளைக்குப் பாடம் தெரியாதா?

நேயர்களுக்கு வணக்கம்.

ஆசிரியர் கேள்வி கேட்கிறார். எழுந்து நிற்கும் மாணவி தலையைக் குனிந்துகொண்டு வாய் திறக்காமல் இருக்கிறாள். பாடம் படிக்கவில்லை என்று ஒருவர் முடிவு கட்டுவார். மரியாதை தெரியாதவள் என்று இன்னொருவர். அந்த அவசரத்தைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் வார்ம் ஸ்பிரிங்ஸ் என்ற பழங்குடியினர் பகுதி இருக்கிறது. அங்குள்ள வகுப்பறைகளைக் கவனித்த மானிடவியலாளர் சூசன் பிலிப்ஸ், தாம் கண்டதை 1972-இல் எழுதினார். எல்லார் முன்னிலையிலும் தனியாகப் பதில் சொல்லச் சொன்னால் பழங்குடிப் பிள்ளைகள் பெரும்பாலும் தயங்கினார்கள். சிறு குழுவாக வேலை செய்யவிட்டால் தங்களுக்குள் கலந்து பேசி முடித்தார்கள். பெரியவர்கள் செய்வதைப் பார்த்துப் பழகி, தனக்குக் கைவந்துவிட்டது என்று தோன்றிய பிறகே செய்து காட்டுவது அவர்கள் வீட்டு வழக்கம். பள்ளிக்கூடமோ அரைகுறையாகத் தெரிந்ததையும் ஊரறியச் சொல்லச் சொல்கிறது. அவர்களின் மௌனம் வீட்டில் கற்ற ஒழுங்கு.

தென்கிழக்கு அமெரிக்காவின் கரோலினா பகுதியில் குழந்தைகள் வீட்டிலும் பள்ளியிலும் பேசும் விதத்தைப் பற்றி மானிடவியலாளர் ஷெர்லி பிரைஸ் ஹீத் செய்த ஆய்வு 1983-இல் நூலாக வந்தது. அவர் பழகிய ஒரு கறுப்பினத் தொழிலாளர் குடியிருப்பில், தங்களுக்கே பதில் தெரிந்த கேள்வியைப் பெரியவர்கள் குழந்தைகளிடம் கேட்பது அரிது. வகுப்பில் ஆசிரியை, "இது என்ன நிறம்?" என்கிறார். அவருக்குத்தான் தெரியுமே, நம்மிடம் ஏன் கேட்கிறார் என்று குழந்தை திகைக்காதா? "இது எதைப் போல இருக்கிறது?", "இங்கே என்ன நடக்கிறது?" என்று வீட்டில் பழகிய கேள்விகளையும் ஆசிரியர்கள் சேர்த்துக் கேட்டபோது அந்தப் பிள்ளைகள் பேசினார்கள். பள்ளியின் கேள்விகளையும் பிறகு படிப்படியாகக் கற்றுக்கொண்டார்கள். எனக்கு மிகவும் பிடித்தது இந்தப் பிற்பகுதிதான். பண்பாட்டை மதிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு பாடத்தின் தரத்தைக் குறைத்துவிடுவது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் அநீதி.

1989-இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 29-ஆம் பிரிவு, குழந்தையின் பண்பாட்டு அடையாளத்தையும் மொழியையும் மதிக்கும் உணர்வைக் கல்வி வளர்க்க வேண்டும் என்கிறது. ஆண்டுக்கு ஒருநாள் மரபு உடை அணியச் சொல்லிப் படம் எடுத்துக்கொண்டால் அந்தக் கடமை தீர்ந்துவிடாது.

இன்னொரு வழக்கமும் என்னை வருத்துகிறது. நாற்பது பேர் நடுவே ஒரு பிள்ளையை எழுப்பி, "உங்கள் ஆட்கள் இதை எப்படிச் செய்வார்கள்?" என்று கேட்பது. கேட்பவர் அன்போடுதான் கேட்கிறார். பத்து வயதுக் குழந்தையோ ஒரு சமூகம் முழுவதற்கும் பதில் சொல்ல வேண்டியதாகிறது. ஒரே சமூகத்துப் பிள்ளைகள் இருவரின் வீடுகள்கூட ஒன்றுபோல் இருப்பதில்லை.

ஆசிரியர்களே, பெற்றோர் பள்ளிக்கு வரும்போது மதிப்பெண்ணைப் பற்றிப் பேசுவதற்கு முன், "உங்கள் பிள்ளை வீட்டில் எதை விரும்பிச் செய்கிறாள், அதை யாரிடமிருந்து எப்படிக் கற்றாள்?" என்று கேளுங்கள். பதிலைக் குறித்துக்கொண்டு, அடுத்த பாடத்தில் அந்த வழியில் ஒரு பயிற்சியாவது கொடுத்துப் பாருங்கள்.

நன்றி, வணக்கம்.