கால்குலேட்டர் பின்னே ஒளியாமல் இருக்க: சாளரத்தை மேலே நிறுத்தும் முறை

(திரையில்: எக்ஸெல் அட்டவணை. அதைச் சொடுக்கியதும் கால்குலேட்டர் மறைகிறது.)

வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்துச் செம்பனைத் (எண்ணெய்ப் பனை) தோட்டம் ஒன்றின் அலுவலகக் கணினியிலிருந்து இந்த விளக்கத்தைப் பதிவு செய்கிறேன். தண்டல் (தொழிலாளர்களை மேற்பார்ப்பவர்) எழுதித் தரும் சீட்டுகளில் உள்ள, அறுவடையான குலைகளின் கணக்கை நான் எக்ஸெலில் ஏற்றும்போது, கால்குலேட்டரில் கூட்டிவிட்டு அட்டவணையைத் தொட்டால் போதும், கால்குலேட்டர் அதன் பின்னே போய்விடுகிறது. நாற்பது சீட்டு இருந்தால் நாற்பது முறை தேடி எடுக்க வேண்டும். எக்ஸெலிலேயே கூட்டலாமே என்பீர்கள். சீட்டின் கூட்டுத்தொகையைச் சரிபார்த்த பிறகே ஏற்ற வேண்டும் என்பது எங்கள் பெரிய கிராணியாரின் (தலைமை எழுத்தரின்) கட்டளை.

விண்டோஸ், திறந்திருக்கும் சாளரங்களை மேசையில் அடுக்கிய தாள்களைப் போல ஒன்றன்மேல் ஒன்றாக வரிசைப்படுத்தி வைத்திருக்கிறது. அந்த வரிசையில் இரண்டு அடுக்குகள் உள்ளன. நாம் சொடுக்கும் சாதாரணச் சாளரம் கீழடுக்கின் உச்சிக்குத்தான் வரும். ‘டாப்மோஸ்ட்’ என்று குறிக்கப்பட்ட சாளரமோ மேலடுக்கில் இருப்பதால், அதை எந்தச் சாதாரணச் சாளரமும் மறைக்க இயலாது. மேலடுக்கிலேயே இரண்டு சாளரங்கள் இருந்தால், கடைசியாகச் சொடுக்கப்பட்டதே மேலே நிற்கும்.

(திரையில்: ‘ஸ்டாண்டர்ட்’ என்ற சொல்லின் அருகிலுள்ள சிறு குறி பெரிதாகக் காட்டப்படுகிறது.)

விண்டோஸ் 10, 11 கால்குலேட்டரில் இந்த வசதி உள்ளேயே இருக்கிறது. ‘ஸ்டாண்டர்ட்’ முறையில் இந்தக் குறியை அழுத்தினாலோ, ஆல்ட் விசையுடன் மேல் அம்புக்குறியை அழுத்தினாலோ, கால்குலேட்டர் சிறிதாகச் சுருங்கி மேலேயே நிற்கும். ‘சயின்டிபிக்’ முறையில் இக்குறி வராது.

மற்ற நிரல்களுக்கு மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் பவர்டாய்ஸ் தொகுப்பை நிறுவி, அதில் ‘ஆல்வேஸ் ஆன் டாப்’ வசதியை இயக்கிக்கொள்ளுங்கள். வேண்டிய சாளரத்தைச் சொடுக்கிவிட்டு விண்டோஸ், கண்ட்ரோல், டி (T) ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால், அதைச் சுற்றி வண்ணக் கரை தோன்றும். அதே விசைகளை மீண்டும் அழுத்தினால் கரை மறைந்து, சாளரம் பழைய நிலைக்குத் திரும்பும்.

(திரையில்: எக்ஸெலின் மேல் கால்குலேட்டர். தட்டும் எண்கள் கால்குலேட்டரில் விழுகின்றன.)

இங்கேதான் நான் ஒருமுறை வழுக்கினேன். மேலே நிற்பது வேறு, விசைப்பலகை யாருக்குக் கட்டுப்படுகிறது என்பது வேறு. கடைசியாகச் சொடுக்கிய சாளரமே எழுத்தை வாங்கும். சொடுக்க மறந்து நான் தட்டிய 118 குலைகள் கால்குலேட்டருக்குள் போய், அட்டவணையில் அந்த வரி வெறுமையாகவே நின்றது. மறுநாள் காலைப் பெரட்டில் (வேலைக்கு முன் ஆள்கணக்கு எடுக்கும் கூட்டத்தில்) அந்த அறுவடைக்காரரே கேட்ட பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

உபுண்டுவில் சாளரத்தின் தலைப்புப் பட்டையில் வலச் சொடுக்குச் செய்தால் ‘ஆல்வேஸ் ஆன் டாப்’ பட்டியலிலேயே கிடைக்கும். மேக் கணினியில் எல்லாச் சாளரங்களுக்கும் பொதுவான இத்தகைய வசதி உடன் வருவதில்லை. அதற்குத் தனி நிரல் தேவைப்படும்.

பவர்டாய்ஸில் ஒரு தடை உண்டு. நிர்வாகி உரிமையுடன் திறந்த நிரலுக்கு இந்த விசைகள் வேலை செய்யாவிட்டால், பவர்டாய்ஸையும் நிர்வாகி உரிமையுடன் திறந்து மீண்டும் அழுத்துங்கள்.