ஜாக்கி சான் என்றால் ஹாங்காங் படங்கள்தான்

நடுவர் அவர்களே, ‘ரஷ் அவர்’ என்ற ஜாக்கியின் ஹாலிவுட் பட வசனங்களை மனப்பாடமாக ஒப்பித்துவிட்டு உட்கார்ந்திருக்கும் எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

ஜாக்கி சான் படங்களில் மனதில் நிற்பவை ஹாங்காங் படங்களா, ஹாலிவுட் படங்களா? இதுதான் தலைப்பு. எதிரணித் தலைவர் என்ன சொன்னார்? ஹாலிவுட் போயிருக்காவிட்டால் ஜாக்கியை உலகத்துக்கே தெரிந்திருக்காது என்றார். சரி ஐயா, இருக்கட்டும். கல்யாணப் பத்திரிகை அச்சடித்தவருக்கு நன்றி சொல்லலாம், அதற்காக அவரை மணவறையில் உட்காரவைக்க முடியுமா?

1985ஆம் ஆண்டுக்கு வாருங்கள். ‘தி ப்ரொடெக்டர்’ என்ற அமெரிக்கப் படத்தில் அவரை நியூயார்க் போலீஸ்காரராக நடிக்க வைத்தார்கள். சின்ன வயதிலேயே பீக்கிங் ஆபரா என்கிற சீன இசைநாடகப் பள்ளியில் சேர்ந்து பிரம்படி வாங்கிக் குட்டிக்கரணம் பழகிய மனிதருக்கு, சண்டை எப்படிப் போட வேண்டும் என்று அந்த ஊர் இயக்குநர் பாடம் எடுத்தார். ஜாக்கி வெறுத்துப்போய், ஹாங்காங் வெளியீட்டுக்குச் சில காட்சிகளைத் தானே எடுத்துச் சேர்த்தார். அப்புறம், போலீஸ் படம் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று காட்டுகிற மாதிரி, அதே ஆண்டில் தானே இயக்கி நடித்து ‘போலீஸ் ஸ்டோரி’யைக் கொண்டுவந்தார். ஹாங்காங் திரைப்பட விருதுகளில் சிறந்த படமும் அதுவே.

அந்தக் கடைசிச் சண்டை நினைவிருக்கிறதா? ஒரு ஷாப்பிங் மால், ஆள் பறந்து போய் விழுகிற இடமெல்லாம் கண்ணாடி, படக்குழுவே ‘கிளாஸ் ஸ்டோரி’ என்று கிண்டலடித்த அளவுக்குக் கண்ணாடி. மேல்மாடிக் கைப்பிடிச் சுவரில் ஏறி நின்று, நடுவில் தொங்கும் கம்பத்துக்கு ஒரு கத்துக் கத்திவிட்டுத் தாவுகிறார், சுற்றியிருக்கும் சீரியல் பல்புகள் பொரிகடலை மாதிரி வெடிக்க வெடிக்க வழுக்கிக்கொண்டே வந்து கீழே ஒரு கண்ணாடிக் கூரையை உடைத்துக்கொண்டு விழுகிறார். உள்ளங்கை வெந்துவிட்டது. கேமரா தள்ளி நின்று முழு ஆளையும் காட்டுகிறது, அதுவும் வேறு வேறு கோணத்தில் மூன்று தடவை. நம்பாதவன் இன்னொரு தரம் பார்த்துக்கொள்ளட்டும் என்கிற திமிர் அது! ‘ப்ராஜெக்ட் ஏ’ படத்திலும் இதே கதைதான்: மணிக்கூண்டு முள்ளில் தொங்கி, துணிப் பந்தல்களைக் கிழித்துக்கொண்டு தரையில் விழுவதை இரண்டு முறை அடுத்தடுத்துக் காட்டுவார்.

எதிரணி நண்பர் ஒருவர் ‘ரஷ் அவர்’ உச்சக்காட்சியில் அவர் நீளத் துணியில் சறுக்கி இறங்குவதைச் சொல்லிக் கைதட்டல் வாங்கினார். நானும் தட்டினேன். ஆனால் ஐயா, 1998இல் சறுக்கிய அந்தச் சறுக்கலுக்கு 13 வருஷம் முன்னாலேயே கம்பத்தில் ஒத்திகை நடந்துவிட்டதே! அந்தப் படத்தின் நகைச்சுவை தனக்கே பிடிபடவில்லை என்று ஜாக்கியே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அவருக்கே புரியாத ஜோக்குக்கு நம் எதிரணி இவ்வளவு சிரித்தால் நான் என்ன செய்வேன்?

ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்கிறேன். படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது சொதப்பல் காட்சிகளைப் போடுகிற பழக்கத்தை அவர் ‘கேனன்பால் ரன்’ என்ற ஹாலிவுட் படத்தில் நடித்தபோதுதான் பிடித்துக்கொண்டார். அந்தப் பெருமை உங்களுக்கே. எடுத்துக்கொண்டு போய் என்ன செய்தார் என்பதையும் பாருங்கள். ‘ரஷ் அவர்’ முடிவில் பெரும்பாலும் வசனம் குளறுகிறது, எல்லாரும் சிரிக்கிறார்கள். ‘ஆர்மர் ஆஃப் காட்’ என்ற ஹாங்காங் படத்தின் முடிவில், யூகோஸ்லாவியாவில் மரக்கிளை முறிந்து பாறையில் தலை மோதி, மண்டையோடு உடைந்த மனிதரைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். இத்தனைக்கும் முதல் டேக் நன்றாகத்தான் வந்திருந்தது. அவருக்குத் திருப்தி இல்லாமல் இன்னொரு தடவை தாவினார்.

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். வருகிறேன் ஐயா, ஒரே ஒரு கேள்வி. எங்கள் தெருப் பையன்கள் மொட்டைமாடியிலிருந்து கொடிக்கயிற்றைப் பிடித்துத் தொங்கி, அம்மாவிடம் அடி வாங்கினார்களே, அது எந்த ஹாலிவுட் படத்தைப் பார்த்துவிட்டு என்று எதிரணி சொல்லட்டும்.