நாள் குறிக்கும் பயிற்சி

நேயர்களுக்கு வணக்கம்.

சிக்கலான கர்ப்பங்களைக் கவனிக்கும் சிறப்பு மருத்துவர்கள் எப்படி உருவாகிறார்கள் என்று பேசச் சொல்லி நிலையத்தார் அழைத்தார்கள். மருத்துவப் பட்டம் வாங்கியாயிற்று, மகப்பேறு மருத்துவத்தில் மேற்படிப்பும் முடிந்தாயிற்று, இதற்கு மேல் படிக்க என்னதான் இருக்கிறது? பலரும் இப்படிக் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். அமெரிக்காவில் மகப்பேறு மருத்துவத்தில் 4 ஆண்டுப் பயிற்சி முடித்தவர் இதற்காக இன்னும் 3 ஆண்டு செலவிட வேண்டும். இந்தியாவில் தேசியத் தேர்வு வாரியம் நடத்தும் பயிற்சிக்கு 2 ஆண்டு.

இந்தத் துறை என்றதும் எல்லோர் மனதிலும் வருவது ஊசியும் ஸ்கேனும்தான். அதில் தவறில்லை. 1963-ல் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் வில்லியம் லைலி என்ற மருத்துவர், ரத்தச் சோகையால் வயிற்றுக்குள்ளேயே இறந்துவிடும் நிலையில் இருந்த சிசுவுக்குத் தாயின் வயிறு வழியாக ஊசி செலுத்தி ரத்தம் ஏற்றினார். கருவில் இருக்கும் குழந்தையும் ஒரு நோயாளிதான் என்ற எண்ணம் அன்றுதான் மருத்துவத்தில் வேர் பிடித்தது. இன்று பயிற்சிக்கு வருபவர்கள் முதலில் ஜெல்லி போன்ற மாதிரியில்தான் பழகுகிறார்கள். ஒரு கையில் ஸ்கேன் கருவி, மறு கையில் ஊசி, கண் திரையில். ஊசியின் நுனி வெள்ளைப் புள்ளியாகத் தெரிய வேண்டும். அந்தப் புள்ளி மறைந்தால் கை நின்றுவிட வேண்டும். "நுனி எங்கே?" என்று பின்னாலிருந்து ஆசிரியர் கேட்டுக்கொண்டே இருப்பார். பதில் சொல்ல முடியாதவர் ஊசியை ஒரு மில்லிமீட்டர்கூட நகர்த்தக் கூடாது.

ஆனால் கைப்பழக்கம் செய்யச் செய்ய வந்துவிடும். பயிற்சியில் கடைசிவரை தொல்லை கொடுப்பது வேறொன்று: எப்போது பிரசவம் பார்ப்பது?

29 வாரக் கர்ப்பிணி ஒருவர் வருகிறார் என்று வையுங்கள். ரத்த அழுத்தம் 160/110-ஐத் தாண்டிவிட்டது. சிறுநீரில் புரதம் போகிறது. இதற்கு மூல காரணம் நஞ்சுக்கொடி. அது வெளியே வந்தால்தான் தாயின் உடல் தேறத் தொடங்கும். அப்படியானால் உடனே குழந்தையை எடுத்துவிடலாமே? எடுக்கலாம். ஆனால் அந்த நுரையீரல் மூச்சு விட இன்னும் தயாராகவில்லை. வயிற்றுக்குள் இன்னும் ஒரு வாரம் கிடைத்தாலும் குழந்தைக்குப் பெரிய லாபம். அதே ஒரு வாரத்தில் தாய்க்கு வலிப்பு வரலாம், கல்லீரல் கெடலாம், மூளையில் ரத்தம் கசியலாம். ஒருவருக்கு நல்லது இன்னொருவருக்குக் கெடுதலாகும் இடம் இது.

இதற்குப் புத்தகத்தில் பதில் உண்டு, ஆனால் பாதிதான். மீதியை ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்துபோய்ப் பார்த்துத்தான் எழுதிக்கொள்ள வேண்டும். தலைவலி உண்டா, கண் மங்குகிறதா, வலது விலாவுக்குக் கீழே வலிக்கிறதா, ரத்தத் தட்டணுக்கள் நேற்றைவிடக் குறைந்திருக்கின்றனவா? தொப்புள்கொடியில் ரத்தம் ஓடுவதை டாப்ளர் ஸ்கேனில் பார்ப்போம். குழந்தையின் இதயம் ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவே ஓய்வெடுக்கும் நொடியிலும் ரத்தம் முன்னோக்கிப் போய்க்கொண்டிருக்க வேண்டும். அந்த ஓட்டம் நின்றுபோனால் நஞ்சுக்கொடி தளர்கிறது என்று பொருள். பின்னோக்கித் திரும்பினால் காத்திருக்க அதிக நேரமில்லை.

குறைமாதக் குழந்தையின் நுரையீரலைப் பக்குவப்படுத்த இன்று தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போடுகிறோம் அல்லவா, அதன் கதையையும் சொல்ல வேண்டும். அதே நியூசிலாந்தில் கிரஹாம் லிகின்ஸ் என்பவர் பிரசவ வலி எப்படித் தொடங்குகிறது என்று ஆட்டுக்குட்டிகளை வைத்து ஆராய்ந்துகொண்டிருந்தார். ஸ்டீராய்டு கொடுக்கப்பட்ட ஒரு குட்டி, பிழைக்கவே முடியாத அளவு முன்னதாகப் பிறந்தது. ஆனால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அவரும் குழந்தை மருத்துவர் ராஸ் ஹவியும் சேர்ந்து கர்ப்பிணிகளிடம் ஆய்வு செய்து 1972-ல் முடிவை வெளியிட்டார்கள். மலிவான மருந்து, இரண்டே ஊசி போதும். இருந்தும் அமெரிக்காவில் தேசிய அளவில் இதைப் பரிந்துரைக்க 1994 ஆனது. இருபத்திரண்டு வருடம்! எத்தனை குழந்தைகள் என்று கணக்குப் போட எனக்கு மனம் வருவதில்லை.

கதை அங்கேயும் முடியவில்லை. மருந்து நல்லது என்று தெரிந்துவிட்டது, எல்லா இடத்திலும் கொடுத்துவிடலாம் என்று ஆறு நாடுகளில் பெரிய அளவில் முயன்றார்கள். அதன் முடிவுகள் 2015-ல் வந்தன. எதிர்பார்த்த பலன் இல்லை. மொத்தமாகப் பார்த்தால் பச்சிளங்குழந்தைகளின் இறப்பு கூடியிருந்தது, தாய்மாருக்குத் தொற்றும் அதிகம். ஊசி பெற்ற பெண்களில் பெரும்பாலோருக்கு மிகச் சிறிய குழந்தைகள் பிறக்கவே இல்லை. அதாவது தேவையில்லாதவர்களுக்கும் ஊசி போயிருந்தது. பிறகு உலக சுகாதார நிறுவனம் ஐந்து நாடுகளின் மருத்துவமனைகளில் வேறு விதமாக ஒரு ஆய்வு நடத்தியது. கர்ப்பத்தின் வயதை ஸ்கேனில் உறுதி செய்துகொண்டார்கள். சீக்கிரமே பிரசவம் ஆகக்கூடியவர்களை மட்டும் தேர்ந்தெடுத்தார்கள். பிறக்கும் குழந்தையைக் கவனிக்கும் வசதியும் அங்கே இருந்தது. குழந்தைகள் பிழைப்பது தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வை முன்னதாகவே நிறுத்திவிட்டார்கள். முடிவு வெளியானது 2020-ல்.

என் மாணவர்களுக்கு நான் ஒரே ஒரு பாடம்தான் எடுக்கலாம் என்றால் இந்த இரண்டு ஆய்வுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் எடுப்பேன். இரண்டிலும் மருந்து ஒரே வகைதான். யாருக்கு, எந்த வாரத்தில், எந்த இடத்தில் என்று பார்க்கத் தெரிந்ததில்தான் வித்தியாசம். இந்தச் சிறப்புப் பயிற்சி எதற்கு என்று கேட்பவர்களுக்கு என் பதிலும் இதுதான்.

இன்னொரு மருந்தைப் பார்ப்போம். முன்பு சொன்ன தாயைப் போல ரத்த அழுத்தம் ஏறியவர்களுக்கு வலிப்பு வராமல் தடுக்கக் கொடுக்கும் மெக்னீசியம் சல்பேட். 2002-ல் வெளியான ஆய்வில் 33 நாடுகளைச் சேர்ந்த சுமார் 10,000 பெண்கள் பங்கேற்றார்கள். வலிப்பு வரும் வாய்ப்பை இது பாதியாகக் குறைத்தது. அளவு மிஞ்சினால் மூச்சே நின்றுவிடும் மருந்தும் இதுதான். அதைக் கண்காணிக்க விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். சின்ன ரப்பர் சுத்தியல் ஒன்று போதும். முழங்கால் சில்லுக்குக் கீழே தட்டினால் கால் துள்ள வேண்டும். மருந்து அளவு மீறும்போது முதலில் அந்தத் துள்ளல் அடங்கும், மூச்சு தடுமாறுவது அதற்குப் பிறகுதான். இந்த மருந்து சிறுநீர் வழியாகத்தான் வெளியேறுகிறது. அதனால் சிறுநீர் எவ்வளவு வருகிறது என்று பார்க்க வேண்டும், மூச்சையும் எண்ண வேண்டும். அளவு மிஞ்சினால் அதை முறிக்கும் மருந்தான கால்சியம் குளுக்கோனேட் கட்டிலுக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். அலமாரியில் பூட்டி வைத்தால் பயனில்லை.

பார்த்தீர்களா, இதில் பாதி வேலை செவிலியருடையது. இரவு மூன்று மணிக்குச் சுத்தியலை எடுத்துத் தட்டுபவர் அவர்தான். ஆகவே மருத்துவரை மட்டும் தயார் செய்வது அரைகுறைப் பயிற்சி. இங்கிலாந்தின் பிரிஸ்டலில் உள்ள சவுத்மீட் மருத்துவமனையில் இதைச் செய்து காட்டினார்கள். குழந்தையின் தலை வந்த பிறகு தோள் சிக்கிக்கொள்ளும் நெருக்கடிக்கு மருத்துவர்களும் பிரசவம் பார்க்கும் செவிலியர்களும் பொம்மையை வைத்து ஒத்திகை பார்த்தார்கள். அப்படித் தோள் சிக்கிய பிரசவங்களில் காயமடைந்த குழந்தைகள் முன்பு 9.3 சதவீதம், பயிற்சிக்குப் பிறகு 2.3 சதவீதம். புது மருந்தோ புதுக் கருவியோ அங்கே வரவில்லை. யார் உதவிக்குக் கூப்பிடுவது, யார் நேரத்தைக் குறிப்பது, யார் எங்கே அழுத்துவது என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

பெற்றோரிடம் பேசுவதும் பயிற்சிதான். பயிற்சி மருத்துவர்கள் நிறைய பேசிவிடுகிறார்கள், அதுதான் பிரச்சினை. கெட்ட செய்தியைச் சொன்ன பிறகு வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பது எளிதல்ல. எதிரே இருப்பவர் கேள்வி கேட்கும்வரை சதவீதக் கணக்கு வேண்டாம்.

இவ்வளவு பேசிவிட்டு, கேட்டுக்கொண்டிருக்கும் உங்களுக்கு ஒன்றும் சொல்லாமல் போகக் கூடாது. கர்ப்பத்தில் சிக்கல் வந்து சிறப்பு மருத்துவரிடம் போனால் அவர் முதலில் கேட்பது எந்த ஸ்கேனைத் தெரியுமா? நேற்று எடுத்ததை அல்ல, முதல் மூன்று மாதத்தில் எடுத்ததை. கரு உச்சந்தலை முதல் பிட்டம் வரை எத்தனை மில்லிமீட்டர் என்று அதில் எழுதியிருக்கும். அதிலிருந்து கர்ப்பத்தின் வயதைக் கணித்தால் பிழை ஒரு வாரத்துக்குள் நிற்கும். கடைசி மூன்று மாதத்தில் முதன்முறையாக ஸ்கேன் எடுத்து வயதைக் கணித்தால் மூன்று வாரம்வரைகூடப் பிசகலாம். 29 வாரமா 32 வாரமா என்பதில்தான் எங்கள் முடிவெல்லாம் தொங்குகிறது. அந்தப் பழைய தாளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஊர் மாறினாலும் மருத்துவமனை மாறினாலும் கூடவே எடுத்துப் போங்கள். போனில் ஒரு படமும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

நன்றி. வணக்கம்.