எடி பால்மியேரியின் இடது கை

அவையோருக்கு வணக்கம்.

முதலில் எல்லோரும் என்னோடு கை தட்டுங்கள். டக், டக், டக். சற்று நிறுத்தி, டக் டக். முன்னே மூன்று, பின்னே இரண்டு. கியூபாவிலிருந்து வந்த இந்தத் தாளக் கணக்குக்குக் கிளாவே என்று பெயர். சல்சா என்கிற லத்தீன் ஆட்ட இசையில் பாடுகிறவரும் வாசிக்கிறவரும் இதற்குக் கட்டுப்பட்டவர்கள்தான்.

இந்தக் கணக்கில் ஊறி வளர்ந்தவர் பியானோ கலைஞர் எடி பால்மியேரி. 1936-இல் நியூயார்க்கில் பிறந்தார். பெற்றோர் புவேர்ட்டோ ரிக்கோவின் போன்சே ஊர்க்காரர்கள். அண்ணன் சார்லி பெயர்பெற்ற பியானோ கலைஞர். தம்பியும் பியானோ கற்றார். ஆனால் பதிமூன்று வயதில் உறவினர் ஒருவரின் குழுவில் டிம்பாலே என்கிற மேளம் தட்டப் போய்விட்டார். பிறகு பியானோவுக்கே திரும்பினாலும், அந்தக் கை தட்டுகிற கையாகவே இருந்தது. ‘பியானோ கட்டைகளை உடைப்பவர்’ என்று பொருள்படும் ரொம்பேதெக்லாஸ் என்பது அவருடைய பட்டப்பெயர்.

1961-இல் லா பெர்ஃபெக்தா குழுவைத் தொடங்கினார். புல்லாங்குழலும் வயலினும் குழைகிற சரங்கா இசைக்கு அப்போது பெரிய மவுசு. எடி புல்லாங்குழலை வைத்துக்கொண்டு, வயலின் இருந்த இடத்தில் டிராம்போன் என்கிற பித்தளை ஊதுகருவிகளை உட்காரவைத்தார். பாரி ராஜர்ஸும் ஜோசே ரோட்ரிகஸும் ஊதினார்கள். அடித்தொண்டையிலிருந்து இரண்டு பேர் சேர்ந்து முழங்குவதுபோல் இருக்கும் அது. டிராம்போனையும் சரங்காவையும் சேர்த்து, சார்லி அதற்கு ‘டிராம்பாங்கா’ என்று பெயர் வைத்தார். என்னைக் கேட்டால், நியூயார்க் சல்சாவுக்குக் குரல் உடைந்து கனத்தது இந்த இடத்தில்தான்.

1968-இல் குழு கலைந்தது. அடுத்த ஆண்டே நீதி கேட்கும் ‘ஹுஸ்டீசியா’ ஆல்பம் வந்தது. பிறகு நியூயார்க் மாநிலத்தின் சிங் சிங் சிறைக்கே போய்க் கைதிகள் முன் வாசித்தார். 1972-இல் அதுவும் இசைத்தட்டாக வந்தது. லத்தீன் இசைக்கென்று கிராமி விருது தொடங்கியபோது முதல் விருது அவருக்குத்தான். சென்ற 2025 ஆகஸ்ட் 6-ஆம் தேதி, 88 வயதில் நம்மை விட்டுப் போனார். அன்று இரவு முழுக்க அவர் பாட்டைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

1965-இல் வந்த ‘அசூகார்’ பாட்டை இப்போது போடச் சொல்கிறேன். ஒன்பது நிமிடத்துக்கு மேல் ஓடும். பியானோ தனியாக வரும்போது வலது கை எங்கெங்கோ அலையும். இடது கையோ ஒரே வரியைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருக்கும். ஒருவரே இரண்டு ஆள் வேலை செய்கிறார். கை தட்டுவதை நிறுத்தாதீர்கள். இடது கையை மட்டும் பின்தொடருங்கள்.

தம்பி, ஒலியைக் கொஞ்சம் கூட்டுப்பா.