நண்பகல் 12 மணிக்கு டவுனில் நடந்து பாருங்கள்

எல்லாருக்கும் வணக்கம். மைக் கொஞ்சம் இரைகிறது, பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்காவிட்டால் கையைத் தூக்குங்கள்.

நம்முடைய திருகோணமலை டவுனைப் புதுப்பிப்பது பற்றிப் பேசச் சொல்லிக் கேட்டார்கள். நான் கட்டடக் கலைஞனும் இல்லை, நகரத் திட்டம் படித்தவனும் இல்லை. சைக்கிளிலும் காலாலும் இந்த ஊரில் திரிந்தவன், அவ்வளவுதான். ஆனால் இப்படியான திட்டங்களுக்கு வரைகிற கலர் படங்கள் நிறையப் பார்த்திருக்கிறேன். எல்லாவற்றிலும் கடல் நீலமாக இருக்கும், மரம் வட்டமாக இருக்கும், வெள்ளைக்காரர் இரண்டு பேர் கோப்பி குடித்துக்கொண்டிருப்பார்கள். வெயில் மட்டும் இருக்காது. மரக்கறிப் பை தூக்கிக்கொண்டு நடக்கிற மனுசியும் இருக்கமாட்டார்.

நம்முடைய டவுன் எப்படிப்பட்ட இடம் என்று ஒருமுறை யோசியுங்கள். ஒரு பக்கம் திறந்த கடல், மறுபக்கம் உட்துறைமுகம், நடுவில் கழுத்து மாதிரி ஒடுங்கின நிலம். கடற்கரைப் பக்கம் பிரட்றிக் கோட்டை, 1624 இல் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்த கல்லில் கட்டத் தொடங்கியது, இன்றைக்கும் அதற்குள் இராணுவம் இருக்கிறது. துறைமுகப் பக்கம் கடற்படைத் தளம், 1957 இல் பிரித்தானியர் விட்டுப் போனது. அனுராதபுரத்தில் பழைய நகரத்தை விட்டுவிட்டுத் தள்ளிப் போய்ப் புதிய நகரம் கட்டினார்கள். இங்கே டவுனின் நடுப்பகுதியை அப்படித் தூக்கி வைக்க இடம் கிடையாது. புதிதாக எதைக் கட்டினாலும் இருப்பதை உடைத்துத்தான் கட்டவேண்டும், உடைக்கிற இடத்தில் ஏற்கெனவே யாரோ ஒருவர் கடை போட்டு, கடன் வாங்கி, பிள்ளைகளைப் படிக்க வைத்துக்கொண்டிருக்கிறார். என்னுடைய பேச்சு முழுவதும் அந்த ஆளைப் பற்றித்தான்.

யாருக்காகக் கட்டுகிறோம்? உல்லாசப் பயணிகளுக்கு என்று உடனே பதில் வரும். வரட்டும், நல்லது. ஆனால் கிழக்குக் கடல் அமைதியாக இருப்பது சித்திரையிலிருந்து புரட்டாதி வரைக்கும்தானே. அதற்குப் பிறகு மாரி தொடங்கினால் நிலாவெளிக் கடற்கரையிலேயே ஆள் குறைந்துவிடும். பன்னிரண்டு மாதமும் டவுனுக்கு வருகிறவர்கள் வேறு ஆட்கள். 2009 இல் கிண்ணியாப் பாலம் திறந்தார்கள் அல்லவா, அதுவரை பாதையில், அதாவது அக்கரை சேர்க்கிற மிதவைப் படகில், ஏறி வந்தவர்கள் இப்போது பஸ் ஏறி வருகிறார்கள். மூதூர், தம்பலகாமம், குச்சவெளி, புல்மோட்டை என்று எல்லாப் பக்கமும் இருந்து கச்சேரிக்கும் ஆஸ்பத்திரிக்கும் பாங்கிற்கும் வருகிற சனம், வந்த இடத்தில் பெரியகடைப் பக்கம் போய்ப் புடைவையும் சாமானும் வாங்கிக்கொண்டு திரும்புகிறது. டவுன் பிழைப்பது இவர்களால்தான்.

இவர்களுக்கு என்ன தேவை? பெரிதாக ஒன்றுமில்லை. வைகாசி, ஆனியில் கச்சான் காற்று அடிக்கும்போது (தின்கிற கச்சானை, நிலக்கடலையைச் சொல்லவில்லை, அதுவும் கடற்கரையில் கிடைக்கும்) பகல் 12 மணிக்குத் தார் றோட்டில் நிற்க முடியாது. பழைய கடைகளுக்கு முன்னால் விறாந்தை இருந்தது, ஒரு கடையின் நிழலிலிருந்து அடுத்த கடையின் நிழலுக்குப் போய்விடலாம். இப்போது கண்ணாடி முகப்பு வைக்கிறோம்; பார்வைக்கு நல்லாத்தான் இருக்கிறது, ஆனால் முன்னால் நிற்பவனைச் சுடுகிறது. ஒரு வேம்பு வளர எத்தனை வருசம் எடுக்கும் என்று எல்லாருக்கும் தெரியும், இருந்தும் வீதியை அகட்டுவது என்றால் முதலில் விழுவது மரம்தான். புதிதாகக் கட்டுகிற ஒவ்வொரு கடைக்கும் முன்விறாந்தை கட்டாயம் என்று ஒரு விதி போட்டால் போதும், அதற்கு வெளிநாட்டு நிபுணர் யாரும் தேவையில்லை.

மழைக்காலத்துக் கதை வேறு. இரண்டு பக்கமும் கடலை வைத்துக்கொண்டு நடு வீதியில் முழங்கால் தண்ணீரில் நிற்கிறோம். கானை மூடி அதன்மேல் இன்டர்லொக் கல்லைப் பதித்தால் படத்துக்கு வடிவாக இருக்கும், பிறகு அந்தக் கானை யார் திறந்து துப்புரவாக்குவது? பெண்கள் போகக்கூடிய கழிப்பறையைப் பற்றிக் கேட்டால் எல்லாரும் கூச்சப்பட்டுக்கொண்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறார்கள். நான் அப்படித் தாண்டிப் போகவில்லை, ஆனால் அதைப் பெண்களே எழுந்து கேட்டால் நல்லது. அப்புறம், மான்கள். கோட்டையிலிருந்து இறங்கி பஸ் நிலையம் வரைக்கும் வந்து பொலித்தீனைத் தின்கிற மான் வேறெந்த டவுனில் இருக்கிறது? திட்டத்தில் குப்பைக்கு என்று ஒரு பக்கம் ஒதுக்கும்போது அவற்றையும் நினையுங்கள்.

இப்போது அந்தக் கடைக்காரருக்கு வருகிறேன். எனக்கு மச்சான் முறையான ஒருவர், ஊரைச் சொல்லவில்லை, சந்தையில் மரக்கறி விற்றார். புதிய கட்டடம் வருகிறது, ஆறு மாதம் மட்டும் இங்கே இருங்கள் என்று தகரக் கொட்டில் ஒன்று காட்டினார்கள். அந்தக் கொட்டிலில் மூன்று மாரி போனது. கட்டடம் முடிந்தபோது அவருக்குக் கிடைத்தது மேல்மாடி. முருங்கைக்காய் வாங்க மாடி ஏறுகிறவர் யார், சொல்லுங்கள் பார்ப்போம்! வாடகையும் முற்பணமும் பழையதைவிடப் பல மடங்கு. இப்போது ஆட்டோ ஓடுகிறார். அந்தக் கட்டடத்தை நான் போய்ப் பார்த்தேன், உண்மையில் நல்ல கட்டடம், காற்றோட்டம்கூட இருக்கிறது.

தெற்கே இருக்கிற காலிக் கோட்டையைப் பாருங்கள். 1988 இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது, ஒரு கல்கூட வீணாகாமல் பேணுகிறார்கள். ஆனால் உள்ளே இருந்த குடும்பங்கள் பல வீட்டை விற்றுவிட்டு வெளியே போய்விட்டன, வீடுகள் ஹோட்டலாகவும் கடையாகவும் ஆகிவிட்டன. விற்றவர்களைக் குறை சொல்லவில்லை, நல்ல விலை வந்தால் நானும் விற்பேன். ஆனால் வாடகைக்கு இருப்பவருக்கு அந்த விலையில் ஒரு சதமும் வராது.

அதனால் என் கோரிக்கை ஒன்றே ஒன்று. ஒரு சுவரை உடைக்கும் முன்னால், அதற்குள் இருப்பவர் எங்கே போவார், எத்தனை மாதம், திரும்பி வரும்போது எந்தத் தளம், என்ன வாடகை என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுங்கள். வாயால் சொல்வது வேண்டாம்.

இதைக் கேட்க நமக்கு வழி இருக்கிறது. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் 9 ஆம் பிரிவைப் படியுங்கள். உள்நாட்டுப் பணத்தில் 5 இலட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட எந்தத் திட்டமாக இருந்தாலும், அவசரத் திட்டம் தவிர, தொடங்குவதற்கு 3 மாதத்துக்கு முன்பே சனத்துக்கு விவரம் சொல்லவேண்டும். 5 இலட்சத்துக்கு இப்போது ஒரு பொதுக் கழிப்பறைகூடக் கட்டுவது கஷ்டம், ஆகவே அநேகமான திட்டங்கள் இதற்குள் வரும். சொல்லாவிட்டால் விண்ணப்பம் எழுதிக் கொடுங்கள். தருவோமா மாட்டோமா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லியாகவேண்டும். எழுதத் தெரியாதவர்களுக்கு நானே எழுதித் தருகிறேன், பிளேன்ரீ ஒன்று வாங்கித் தந்தால் போதும்.

வருகிற சனிக்கிழமை பகல் 12 மணிக்கு, மணிக்கூட்டுக் கோபுரத்தடியிலிருந்து சந்தை வரைக்கும் நடக்கப் போகிறேன். எங்கே நிழல் இருக்கிறது, எங்கே கான் உடைந்திருக்கிறது, எந்தக் கடையில் யார் எத்தனை வருசமாக இருக்கிறார் என்று குறித்துக்கொண்டு போவோம். ஒரு கொப்பி, ஒரு பேனை, அளவு நாடா ஒன்று. குடை கொண்டு வாருங்கள், என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது.