பதறாத படிகமும் பதிவேடும்

அவைத்தலைவர் அவர்களே, பல அலுவல்களுக்கிடையே வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் துணைவேந்தர் அவர்களே, எனக்கு வேதியியல் கற்பித்து இன்று என் உரையையும் கேட்கும் நிலைக்கு ஆளாகியிருக்கும் ஐயா அவர்களே, ஆய்வு மாணவச் செல்வங்களே, வணக்கம். பொன்னாடைக்கு நன்றி, அந்தச் செலவில் ஆய்வகத்துக்கு இரண்டு குடுவைகள் வாங்கியிருக்கலாமே என்றால் செயலர் கோபித்துக்கொள்வார்.

படிகம் வளரும் வேகம், கரைப்பானை வெளியேற்றும் விதம், படிகத்தின் பருமன் ஆகிய மூன்றும் நுண்துளைப் பொருள்களின் பரப்புக் கவர்தலை, அதாவது வாயு மூலக்கூறுகளைத் தம் பரப்பில் பிடித்துவைக்கும் திறனை, எப்படி மாற்றுகின்றன என்று பேச வந்திருக்கிறேன். முதலாவதற்கு, ‘பதறாத காரியம் சிதறாது’ என்பதைவிடப் பொருத்தமான பழமொழி எனக்குத் தெரியாது.

மாஃப்-5 என்னும் உலோகக் கரிமக் கட்டமைப்பைப் பாருங்கள். உலோக அணுத்தொகுதிகளைக் கரிம மூலக்கூறுகள் இணைத்து உருவாகும் நுண்துளைப் படிகம் அது. துத்தநாக நைட்ரேட்டும் டெரிதாலிக் அமிலமும் கரைந்த கரைசலுக்குள் டிரைஎத்திலமீன் ஆவியை மெல்லப் பரவவிட்டு, 1999-இல் வேதியியலாளர் ஓமர் யாகியின் குழுவினர் அதைக் கனசதுரப் படிகங்களாக வளர்த்தார்கள். வாயு ஒற்றை அடுக்காகப் படிவதாகக் கொள்ளும் லாங்மூர் கணக்கில் கிராமுக்கு ஏறத்தாழ 2,900 சதுர மீட்டர் பரப்பு கிடைத்தது. அதே அமீனை நேரே ஊற்றிக் கலக்கினால் உடனே வெண்பொடி விழும். அவ்வாறு விரைவாகச் செய்து 2003-இல் வெளியான மாதிரி ஒன்றில் பரப்பு 700-ஐ ஒட்டியே இருந்தது. ஒரு கட்டமைப்புக்குள் இன்னொன்று பின்னிக்கொள்வதும், துத்தநாகச் சேர்மங்கள் துளைகளை அடைப்பதும் இத்தகைய வீழ்ச்சிக்குக் காரணங்கள்.

நான் வழிநடத்திய மாணவி ஒருவர் பொறுமையாக இப்படிகங்களை வளர்த்தார். கல்கண்டுத் துணுக்குகளைப் போலத் தெளிவாக இருந்தன. ஐப்பசி அடைமழை நாளில், கரைப்பானிலிருந்து எடுத்துத் தட்டில் பரப்பிவிட்டுத் தேநீர் குடிக்கப் போனவர், பேச்சு நீண்டுவிடவே மாலையில்தான் திரும்பினார். படிகங்கள் சுண்ணாம்பு நிறத்துக்கு வந்திருந்தன. பரப்பை அறியச் செய்த நைட்ரஜன் அளவீடு ஏமாற்றியதும் கருவியைக் குறை சொன்னோம், நைட்ரஜன் உருளையைக் குறை சொன்னோம், கருவியை இயக்கியவரிடம் நான் குரலையும் உயர்த்தினேன். ஒரு வாரம் கழித்துக் குறிப்பேட்டைப் புரட்டினால், அங்கே இருந்தது ‘உலர்த்தப்பட்டது’ என்னும் ஒற்றைச் சொல். எங்கே, எத்தனை மணி நேரம், எத்தகைய காற்றில் என்ற எதுவும் இல்லை. கட்டமைப்பைத் தாக்கிச் சிதைத்தது காற்றின் ஈரம். வளர்க்கும்போது பதறாதவர்கள், எழுதும்போது பதறிவிட்டோம்.

காற்றுப் படாமல் தயாரித்த மாஃப்-5, 77 கெல்வினிலும் 40 பார் அழுத்தத்திலும் எடையில் 7.1 விழுக்காடு ஹைட்ரஜனை மிகைக்கவர்தலாக, அதாவது துளைகளில் இயல்பாக நிறையும் வாயுவுக்கு மேற்பட்ட அளவாக, ஏற்றது என்றும், காற்றுப் பட்டதற்கு அது 5.1 ஆகக் குறைந்தது என்றும் 2007-இல் வந்த ஆய்வு காட்டியது. பெயரும் வாய்பாடும் ஒன்றே. கையாண்ட முறைதான் வேறு. ஆகவேதான், கலந்த வேகம், வெப்பநிலை, கழுவிய தடவைகள், அறையின் ஈரப்பதம், தோற்றுப்போன முயற்சிகள் ஆகியவை அடங்கிய தயாரிப்புப் பதிவேட்டை ஒவ்வொரு ஆய்வேட்டின் பின்னிணைப்பாகவும் கட்டாயமாக்க வேண்டும் என்று மேடைதோறும் கேட்டு வருகிறேன். பதறாத காரியம் சிதறாது. ஆனால் பதறவில்லை என்பதற்குச் சான்று வேண்டாமா?

படிகத்தின் பருமனைப் பற்றியும் சொல்ல நினைத்தேன். அவைத்தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். வாயிலருகே மேசையில் கோரிக்கை மனு இருக்கிறது. முதல் கையொப்பமிடத் துணைவேந்தர் அவர்கள் இசைந்திருக்கிறார்கள். மற்றவர்கள் உணவுக்கூடத்துக்குப் போகும் வழியில் கையொப்பமிட்டுச் செல்லுங்கள்.